பனிக்காட்டில் நின்றவன்

படம் ஒன்றும் பெரியதல்ல. உயரம் 85 சென்டிமீட்டர், அகலம் 58. யுத்தக் காட்சிகளுக்கும் மகாராணிகளின் உருவங்களுக்கும் நடுவே மாட்டிவைத்தால், வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கவனியாமலே கடந்துபோய்விடுவார்கள். பனிக்காலத்துக் காடு. காட்டுக்குள்ளே ஒரு பாதை. பாதையில் ஒரு குடியானவன். கந்தலாகிப்போன நீண்ட அங்கி, தாடி, காலிலே மரப்பட்டையைக் கீறி முடைந்த செருப்பு. அவ்வளவுதான். அவன் எங்கேயும் போகவில்லை. எங்கிருந்தும் வரவும் இல்லை. நடந்துகொண்டிருந்தவன் ஏதோ ஒரு கணத்தில் நின்றுவிட்டான். ஏன் நின்றோம் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. அப்படி ஒரு நிலை.

1876-ம் ஆண்டில் இதைத் தீட்டியவர் இவான் கிராம்ஸ்காய். படத்துக்கு அவர் வைத்த ருஷ்யப் பெயரைத் தமிழில் சொல்லப் போனால் பெரிய சங்கடம். 'சிந்தனையாளன்' என்று எழுதினால், மூக்குக்கண்ணாடியும் மேஜையும் புத்தக அலமாரியும் கண்முன் வந்து நிற்கின்றன. 'தியானி' என்றால் அவன் கண்ணை மூடி ஒரு நோக்கத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இவனுக்கு நோக்கம் ஏது? 'பராக்குப் பார்க்கிறவன்' என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் பையனைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. நம்முடைய கிராமத்துக் கிழவிகள் மாத்திரம் இதற்குக் கிட்டத்தட்டச் சரியான வார்த்தை வைத்திருக்கிறார்கள்: "மலைச்சுப்போய் நிக்கிறான்" என்பார்கள். மூளை ஓடவில்லை, ஆனால் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. கிராம்ஸ்காய் தீட்டியது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிராம்ஸ்காய் பிரபு குலத்தில் பிறந்தவரல்ல. வாரோனிஷ் பிரதேசத்தில் ஆஸ்த்ரகோஷ்க் என்ற சிற்றூரில் 1837-ல் பிறந்தார். தகப்பனார் நகரசபைக் காரியாலயத்தில் குமாஸ்தா. பையனும் பன்னிரண்டு வயதில் படிப்பை முடித்துக்கொண்டு, அழகான கையெழுத்து இருந்ததால் எழுத்து வேலைக்குப் போனான். சித்திரம் கற்க வேண்டும் என்ற ஆசைக்கு அந்த ஊரில் வழியில்லை. தேவாலயங்களுக்குச் சுவாமி படம் எழுதுகிற ஒருவரிடம் கொஞ்ச காலம் எடுபிடியாக இருந்து பார்த்தான்; ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. பிறகு ஊர் ஊராகப் போய்ப் புகைப்படம் எடுக்கும் ஒருவரோடு புறப்பட்டு மூன்று வருஷம் சுற்றினான். படங்களில் கறையை அழித்து, முகத்துச் சுருக்கத்தைத் துடைத்து, கண்ணுக்கு ஒளி கொடுக்கும் 'ரீடச்சிங்' வேலை. பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்த பிறகும் அதுதான் சோறு போட்டது. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அவருக்கு 'ரீடச்சிங் கடவுள்' என்றே பட்டப்பெயர் வைத்தார்களாம். பிறருடைய முகங்களை ஓர் அங்குல தூரத்திலிருந்து, இரவும் பகலும், கூலிக்காகப் பார்த்துப் பழகிய கண் அது. பின்னாளில் அந்தக் கண் என்ன செய்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த விவரம் நமக்கு வேண்டும்.

1857-ல் சக்கரவர்த்தியின் கலைக் கழகத்தில் இடம் கிடைத்தது. 1863-ம் வருஷம் நவம்பர் மாதம் அந்தக் கழகத்தில் ஒரு கலகம் நடந்தது. தங்கப் பதக்கப் போட்டிக்கு மாணவர்கள் தாங்களே விஷயத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். கழகத்தார் மறுத்துவிட்டு, ஸ்காண்டிநேவியப் புராணத்திலிருந்து வால்ஹல்லா மண்டபத்தில் தேவர்கள் விருந்துண்ணும் காட்சியைத் தீட்டச் சொன்னார்கள். வெற்றி பெற்றால் வெளிநாட்டுப் பயணம், உபகாரச் சம்பளம், வாழ்நாள் முழுவதும் கௌரவம். பதினான்கு பேர் எழுந்து, "எங்களுக்குப் போட்டியும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்கள். பதின்மூன்று பேர் ஓவியர்கள், ஒருவர் சிற்பி. தலைவர் கிராம்ஸ்காய், அவருக்கு வயது 26. இன்றைக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஜார் ஆட்சியில், சர்க்கார் ஸ்தாபனம் ஒன்றிலிருந்து பதினான்கு பேர் சேர்ந்து வெளியேறுவது என்றால் ரகசியப் போலீஸார் ஒரு காகிதக் கட்டு திறக்க அதுவே போதும். திறந்தார்கள். பதினால்வரும் கூட்டாக வீடு எடுத்து, கூட்டாகச் சமைத்துச் சாப்பிட்டு, வந்த வேலையைப் பங்கிட்டுக்கொண்டு சில வருஷங்கள் வாழ்ந்தார்கள். அப்புறம், கூட்டு வாழ்க்கைகளுக்கு வழக்கமாக நேர்வதே அதற்கும் நேர்ந்தது. ஆனால் 1870-ல் அந்த வித்திலிருந்து வேறொரு சங்கம் முளைத்தது. தலைநகரத்துப் படங்களை மாகாண நகரங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டும் 'சஞ்சார ஓவியர்' சங்கம். ருஷ்ய யதார்த்த ஓவியத்தின் சரித்திரத்தில் பெரிய பெயர்களில் பெரும்பாலானவை இந்தச் சங்கத்தோடு சேர்ந்தவைதாம்.

சங்கத்தின் இரண்டாவது கண்காட்சியில், 1872-ல், கிராம்ஸ்காய் வைத்த படம் 'பாலைவனத்தில் கிறிஸ்து'. அதிலும் ஒரே ஓர் உருவம்தான். விடியற்காலை, கற்கள் இறைந்த பூமி, ஒரு பாறையின் மேல் விரல்களை இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். ஒளிவட்டம் இல்லை. தேவதூதர் இல்லை. சாத்தானும் இல்லை, சாத்தான் சொன்னதைப் பற்றிய யோசனை மாத்திரம் இருக்கிறது. மாஸ்கோ வர்த்தகர் திரெத்யாகோவ் 6000 ரூபிள் கொடுத்து வாங்கிக்கொண்டார். கதாசிரியர் கார்ஷின் இந்தப் படத்தின் உட்கருத்து என்ன என்று 1878-ல் கடிதம் எழுதிக் கேட்டபோது, ஒவ்வொரு மனிதனுக்கும் வாழ்வில் ஒரு கட்டம் வருகிறது. வலப்பக்கம் போவதா, இடப்பக்கம் போவதா என்று அங்கே தீர்மானித்தாக வேண்டும் என்கிற பொருளில் கிராம்ஸ்காய் பதில் எழுதினார்.

நான்கு வருஷ இடைவெளியில் இரண்டு தனி மனிதர்கள். ஒருவர் பாலையில் உட்கார்ந்திருக்கிறார், ஒருவன் பனியில் நிற்கிறான். முன்னவருக்குத் தாம் எதன் முன்னே இருக்கிறோம் என்று தெரியும். அந்தக் கோத்த விரல்களைப் பார்த்தாலே தெரியும். பின்னவனுக்குத் தெரியாது. தெரியாதவனைத் தீட்டுவதுதான் கஷ்டமான காரியம் என்று நினைக்கிறேன்.

அவனுக்கு என்ன நேர்ந்திருந்தது? அந்த அங்கிக்குள் இருந்தவனின் பதினைந்து வருஷத்துச் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1861-ம் ஆண்டு ஜார் இரண்டாம் அலெக்ஸாண்டர் பண்ணையடிமை முறையை ஒழித்துக் கட்டளையிட்டார். நிலப்பிரபுக்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். அதுவரையில் அவர்களை விற்கலாம், அடகு வைக்கலாம், சீட்டாட்டத்தில் தோற்கலாம். கட்டளை மாதா கோயில்களில் வாசிக்கப்பட்டது. பாஷை அலங்காரமாக இருந்தது, விஷயம் விளங்கவில்லை. விளங்கியபோது விசித்திரமாக இருந்தது. ஆள் விடுதலை, ஆனால் பாட்டன் காலத்திலிருந்து உழுத நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டும். சர்க்கார் பிரபுவுக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். குடியானவன் சர்க்காருக்கு 49 வருஷம் தவணை கட்ட வேண்டும். பல இடங்களில் முன்பு உழுததைவிடக் குறைந்த நிலமே கையில் கிடைத்தது. மேய்ச்சலும் விறகும் பிரபுவின் பக்கம் போய்விட்டன.

கஸான் பிரதேசத்தில் பெஸ்த்னா என்று ஒரு கிராமம். அங்கே அந்தோன் பெத்ரோவ் என்ற குடியானவனுக்குக் கொஞ்சம் எழுத்து வாசனை உண்டு. அவன் அந்தச் சட்டப் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரவும் பகலும் உற்றுப் பார்த்தான். பார்த்துப் பார்த்து, ஜார் உண்மையில் முழு விடுதலையும் எல்லா நிலமும் கொடுத்திருக்கிறார், நடுவில் இருக்கிற பிரபுக்கள்தான் மறைக்கிறார்கள் என்று அதில் 'கண்டுபிடித்து'விட்டான். சுற்று வட்டாரத்துக் கிராமங்கள் எல்லாம் அவன் குடிசை வாசலில் திரண்டன. 1861 ஏப்ரலில் பட்டாளம் வந்தது. ஆயுதம் இல்லாத கூட்டத்தின் மேல் சுட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெத்ரோவ் சட்டப் புஸ்தகத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே வந்து சரணடைந்தான், சுட்டுக் கொன்றார்கள். அவனும் ஒரு வகையில் உற்றுப் பார்த்து நின்றவன்தான். தான் பார்த்ததை அவன் வெளியே சொன்னான், மற்றவர்கள் சொல்லவில்லை.

மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்? அந்தக் காலத்துப் படித்த ருஷ்யர்களை இந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. 1874-ம் வருஷத்துக் கோடையில் அவர்கள் பொறுமை இழந்தார்கள். மாணவர்கள், மாணவிகள், டாக்டருக்குப் படித்தவர்கள், பிரபுக்களின் வீட்டுப் பிள்ளைகள் குடியானவர் உடை தரித்துக்கொண்டு, தச்சு வேலையோ செருப்புத் தைப்பதோ அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, 'ஜனங்களிடம் செல்லுதல்' என்று சொல்லிக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். குடியானவன் இயல்பிலேயே சமதர்மி, ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீ பற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. குடியானவன் கேட்டான். தலையைச் சொறிந்தான். ஜாரைப் பழித்தபோது பயந்தான். சில இடங்களில் அவனே போய்ப் போலீஸாரிடம் சொல்லிவிட்டான். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். 193 பேர் மேல் நடந்த பெரிய வழக்கு 1878 ஜனவரியில்தான் முடிந்தது. விசாரணைக்கு முன்பே சிறையில் செத்தவர்களும் புத்தி பேதலித்தவர்களும் உண்டு. வேடிக்கையாகச் சொல்ல முடியாத கதை இது. அந்தப் பிள்ளைகளின் மனசு தங்கம். அவர்கள் பார்க்கப் போன மனிதன்தான் அவர்கள் கண்ணில் படவேயில்லை.

நமது படம் இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில், 1876-ல், எழுதப்பட்டது. படித்தவர்கள் ஒரு கேள்வியோடு கிராமத்துக்குப் போய், பதில் கிடைக்காமல் சிறையில் உட்கார்ந்திருந்த காலம். கிராம்ஸ்காய் குடியானவன் வேஷம் போடவேண்டிய அவசியம் இல்லாத ஆசாமி. அந்த வாழ்க்கைக்கு ஒரு படி மேலேதான் அவர் பிறந்திருந்தார். இரண்டு வருஷம் முன்னால், 1874-ல், அவர் ஒரு வனக்காவலனைத் தீட்டியிருந்தார். தொப்பியில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை. கண்ணில் அடங்காத பகை. அவனைப் பற்றித் திரெத்யாகோவுக்கு எழுதும்போது, சமூக ஏற்பாடுகளைத் தன் புத்தியாலேயே புரிந்துகொண்டவன் இவன். ஸ்தென்கா ராஸினும் புகச்சேவும் படை திரட்டியது இப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் என்று விளக்கம் கொடுத்தார். அந்த முகத்துக்கு அர்த்தம் உண்டு. ஓவியரே அதை எழுதிக் கொடுத்துவிட்டார். பனிக்காட்டில் நின்றவன் முகத்தில் அந்தப் பகை இல்லை, புகார் இல்லை, பக்தி இல்லை. பிச்சை கேட்கவும் இல்லை. முன்னால் இருக்கும் நம்மை அவன் பார்க்கவே இல்லை.

இங்கேதான் டாஸ்டாவ்ஸ்கி உள்ளே நுழைகிறார்.

'கரமஸாவ் சகோதரர்கள்' 1879-லும் 1880-லும் ஒரு மாதப் பத்திரிகையில் தொடராக வந்தது. அதில் ஸ்மெர்த்யகோவ் என்ற சமையற்காரனை நமக்கு அறிமுகப்படுத்துகிற அத்தியாயத்தில், கதையைச் சற்று நிறுத்தி, ஆசிரியர் கிராம்ஸ்காயின் இந்தப் படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இவன் யோசிக்கவில்லை, யோசிப்பதற்கும் இவன் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு என்கிறார். யாராவது தட்டி எழுப்பினால் விழித்துப் பார்ப்பான். என்ன எண்ணிக்கொண்டிருந்தாய் என்றால் சொல்லத் தெரியாது. ஆனாலும் அந்த நேரத்துப் பதிவுகள் அவனுக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். என்றைக்கோ ஒருநாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவன் ஜெரூசலத்துக்கு யாத்திரை போனாலும் போவான். இல்லாவிட்டால் சொந்தக் கிராமத்துக்கே தீ வைப்பான். இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் ஆச்சரியமில்லை. இதுதான் அவர் சொல்வதன் சாரம். கடைசியில், ஸ்மெர்த்யகோவும் இந்த இனத்தைச் சேர்ந்தவனே என்று முடிச்சுப் போடுகிறார்.

படித்தவர்களுக்கு நினைவிருக்கும், இந்த ஸ்மெர்த்யகோவ்தான் பிற்பாடு கிழவன் கரமஸாவைக் கொல்கிறான். ஆகவே அந்த ஒரு பாரா நாவலின் பாதி மர்மத்தைத் தாங்கி நிற்கிறது. அற்புதமான பாரா என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு வழக்கு உண்டு. ஸ்மெர்த்யகோவ் யார்? மாஸ்கோவில் சமையல் கற்றுவந்தவன். துணி மடிப்புக் கலையாமல் உடுத்துகிறவன். ஜோட்டுக்குப் பளபளப்பு ஏற்றுவதற்கென்று இங்கிலீஷ் பாலிஷ் வைத்திருக்கிறவன். குடியானவர்களையும் ருஷ்யாவையுமே வெறுக்கிறவன். இவனுக்கும் மரப்பட்டைச் செருப்புப் போட்ட அந்தப் பராரிக்கும் என்ன ஒற்றுமை? இருவரும் நடு வழியில் திடீரென்று நின்றுவிடுவார்கள் என்ற ஓர் ஒற்றுமைதான். சுவரில் தொங்குகிற ஒருவனைப் பிடித்து வந்து, கையில் நெருப்புக் குச்சியைக் கொடுத்து, தம் கதையில் சாட்சி சொல்லவைத்துவிட்டார் டாஸ்டாவ்ஸ்கி. நாங்கள் எல்லோரும் செய்கிற திருட்டுத்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் முகத்தைக் கழற்றிக்கொண்டு வந்து கொலைகாரனுக்கு மாட்டுவதில்லையா? அவர் பெரிய கை. தடயம் இல்லாமல் செய்துவிட்டார். இன்று அந்தப் படத்தைப் பார்க்கிற யாரும், டாஸ்டாவ்ஸ்கியின் குரல் காதில் விழாமல் பார்க்க முடிவதில்லை.

ஜெரூசலம் என்றது வெறும் அலங்காரப் பேச்சல்ல என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் ருஷ்யக் குடியானவர்கள் கால்நடையாக ஆயிரக்கணக்கான மைல் நடந்து, கருங்கடல் துறைமுகங்களில் கப்பல் ஏறி, புண்ணிய பூமிக்குப் போவது உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது. அவர்கள் தங்குவதற்கென்றே 1860-களில் ஜெரூசலம் கோட்டைச் சுவருக்கு வெளியே சத்திரங்களும் ஆஸ்பத்திரியும் கட்டியது ருஷ்ய சர்க்கார். வறட்டு ரொட்டித் துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்ட கிழவர்களும் கிழவிகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். தீ வைப்பதும் நடந்துகொண்டிருந்ததுதான். 1905-லும் அடுத்த இரண்டு வருஷங்களிலும் பிரபுக்களின் மாளிகைகள் நாட்டின் பல பாகங்களில் எரிந்தன. நிலத் தவணை 1907-ல் ரத்தாயிற்று. அதற்குள் நாற்பத்தாறு வருஷங்கள் ஓடிவிட்டன. பத்து வருஷம் கழித்துப் பெரிய தீ.

இவற்றைக் காட்டி, டாஸ்டாவ்ஸ்கி தீர்க்கதரிசி, அந்தப் பாராவில் 1917-ஐக் கண்டுவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் சொன்னது சொந்தக் கிராமத்துக்குத் தீ வைப்பதை. பிரபுவின் மாளிகைக்கு அல்ல. காரணம் உள்ள தீயை அவர் சொல்லவில்லை. மாளிகைக்குத் தீ வைத்தவனுக்குக் காரணம் தெரியும். 49 வருஷத் தவணையின் கணக்கு அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அவனை மயக்கத்தில் நின்றவன் என்று சொல்வது அவனுக்குச் செய்கிற அநியாயம். மயங்கி நின்றவனைப் புரட்சிக்காரன் என்பதும் அதே அநியாயம்தான்.

கிராம்ஸ்காய் பெரும் எழுத்தாளர்களோடு பழகியவர். 1873-ல் டால்ஸ்டாயின் பண்ணைக்கு அருகில் கோடைக்குத் தங்கியபோது, உட்கார மாட்டேன் என்று மறுத்த டால்ஸ்டாயை வாதாடி உட்காரவைத்து உருவம் தீட்டினார். அப்போதுதான் 'அன்னா கரீனினா' தொடங்கியிருந்தது. அதில் வருகிற மிஹைலோவ் என்ற ஓவியருக்குக் கிராம்ஸ்காயின் சாயல் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். ஓவியர் எழுத்தாளரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுத்தாளர் ஓவியரைப் பார்த்துக்கொண்டிருந்தார் போலும்! டாஸ்டாவ்ஸ்கியை உயிரோடு இருக்கும்போது தீட்டியவர் பெரோவ். கிராம்ஸ்காய்க்குக் கிடைத்தது 1881-ல் அவர் மரணப் படுக்கையில் கிடந்த முகம்தான்.

அதற்குப் பின் வந்த வருஷங்கள் கிராம்ஸ்காய்க்கு நல்லவையாக இல்லை. இரண்டு சிறு பிள்ளைகளை அதற்கு முன்பே பறிகொடுத்திருந்தார். குடும்பம் நடத்தச் சீமான்களின் உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தள்ளவேண்டி வந்தது. பல வருஷம் உழைத்த ஒரு பெரிய கிறிஸ்து படம் முடியாமலே நின்றது. இதற்கு நடுவில் 1883-ல் மறுபடியும் ஒரு குடியானவனைத் தீட்டினார். நீலச் சட்டை, கையில் குதிரைக் கடிவாளம், வெயிலில் சுருங்கிய கண்ணில் ஒரு குறும்பு. இந்தக் கிழவனுக்குப் பெயர் உண்டு: மீனா மொய்ஸேயெவ். பேசச் சொன்னால் நிறுத்தமாட்டான் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது. இவனைத் தீட்டியவரே அவனையும் தீட்டினார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், 1876-ல் கிராம்ஸ்காய் எவ்வளவு விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பது தெரிகிறது.

1887 வசந்தத்தில் ஒரு டாக்டரின் உருவத்தைத் தீட்டிக்கொண்டிருந்தபோது கிராம்ஸ்காய் பேச்சின் நடுவில் சாய்ந்தார். எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரே ஓடிவந்து தூக்கினார், பயனில்லை. வயது 49.

கடிவாளக் கிழவனும் பனிக்காட்டு மனிதனும் இருப்பது மாஸ்கோவிலோ பீட்டர்ஸ்பர்க்கிலோ அல்ல; உக்ரேனின் தலைநகரான கீவில். சர்க்கரை ஆலைகளால் செல்வம் சேர்த்த தெரெஷ்சென்கோ குடும்பத்தாரின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1922-ல் திறக்கப்பட்ட ஓவியக் கூடம் அது. அந்தக் குடும்பத்தின் பெயராலேயே தெருவும் வழங்குகிறது. கூடத்தின் பெயர் வெகுகாலம் 'ருஷ்யக் கலைக் காட்சிசாலை' என்றிருந்தது, பிறகு மாற்றிவிட்டார்கள். 2022 பிப்ரவரியில் ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தபோது, கீவ் நகரத்துக் காட்சிசாலைகள் தங்கள் படங்களைச் சுவரிலிருந்து இறக்கிப் பத்திரப்படுத்தின. அதே வருஷம் அக்டோபர் 10-ம் தேதி காலையில் ருஷ்ய ஏவுகணைகள் நகரத்தின் நடுவில் விழுந்தபோது, அந்தத் தெருவில் இருந்த காட்சிசாலைகளின் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து நடைபாதையில் கொட்டின.